இந்துமதிக்கு வளத்த வெடக்கோழிங்க

காலைக் கொஞ்சம் அக்கட்ட நவத்திக்க கண்ணு. கூடைக்குள்ள உசுரு கெடக்குது. ஆமா, கோழிதான். பழைய சேலையப் போட்டு மூடியிருக்கறதால சத்தங்காட்டாம இருக்குதுங்க, வெளிச்சம் பட்டாக் கத்தும். அந்தக் கண்டக்டரு சிங்காநல்லூர்லயே மூஞ்சியத் திருப்புனான். "ஏனுங்காத்தா, இது பஸ்ஸா, சந்தை வண்டியா"ங்கறான். போடா, உங்கப்பன் ஊட்டுப் பஸ்ஸுன்னு நெனச்சயான்னு நானும் சொல்லிப்போட்டுத்தான் ஏறுனேன். இன்னிக்கு இருக்கற ஆத்தரத்துக்கு எவன் என்ன கேட்டாலும் நான் உடமாட்டேன்.

விக்கறதுக்கா? நல்லாக் கேட்ட போ. விக்கறதா இருந்தா எங்க காங்கயத்துச் சந்தைக்குப் போவ மாட்டனா, கோயமுத்தூருக்கு எதுக்குத் தூக்கிட்டுப் போறேன்? காத்தால இதே கூடையத் தூக்கிட்டுப் போனேன், இப்ப இதே கூடையத் தூக்கிட்டுத் திரும்பி வாரேன். பெத்த மவளுக்குக் கொண்டு போனது கண்ணு. புள்ள பெத்துக் கெடக்கறா, பத்தியத்துக்கு ஆவட்டும்னு வளத்துக் கொண்டு போன வெடக்கோழிங்க. ஒண்ணக்கூட வாங்கல.

வேண்டாம்னு கூடச் சொல்லல அவ. அதைச் சொல்றேன் இரு. நீ எங்க எறங்கோணும்? பல்லடமா? அப்பச் செரி. அதுக்குள்ள சொல்லி முடிச்சுருவேன்.

என்ற மவ பேரு இந்துமதி. ஒரே பொண்ணு. அவளுக்கு மூத்தவன் ஒருத்தன், பூபதி, அரிசி மில்லுல இருக்கறான். எங்கூட்டுக்காரரு போயி வருசமாச்சு. பொண்ணக் கோயமுத்தூர்ல குடுத்தேன். நல்ல மாப்பிள்ளை, சம்பாத்தியம், சொந்த வூடு, மாமியாக்காரி தொல்லை கெடையாது, அந்தம்மா போயிச் சேந்துருச்சு. எல்லாம் இருந்து என்ன பண்றது, புள்ள இல்ல. நான் ஏறாத மலையில்ல, சுத்தாத கோயலில்ல. ஒறம்பரை வூட்டு விசேசத்துக்குப் போனா மூணு பேரு கேப்பாளுங்க, "இந்துக்கு ஏதாச்சும் விசேசமா"ன்னு. கேட்டுப்போட்டு ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துக்குவாளுங்க. எனக்கு வவுறு எரியும்.

அப்படி இருந்தவ ஒரு நா போன் பண்ணி, "அம்மா, நாள் தள்ளியிருக்குது"ன்னா. நான் போனக் கீழ வெச்சுப்போட்டு நேரா பொடக்காளிக்குத்தான் போனேன். எதுக்குங்கற? கோழியப் பாக்க. வூட்டுக்குப் பொறத்தால எங்களுக்கு நல்ல அகலமான பொடக்காளி. முருங்கை மரம், கறிவேப்பிலை, சாம்பக்குழி, எல்லாம் அங்கதான். கோழி மேயறதுக்குத் தோதான எடம்.

எங்கூர்ல ஒரு மொறை இருக்குது கண்ணு. மொதப் பெரசவம் பொறந்த வூட்டுல. புள்ள பெத்தவளுக்குப் பத்தியச் சாறு பொறந்த வூட்டுக் கோழியில. அதும் முட்டைக்கு வராத வெடக்கோழியா இருக்கோணும். நல்லெண்ணெய் ஊத்தி, மொளகு சீரகம் தட்டிப் போட்டு, பூண்டு வதக்கி வெச்சுக் குடுத்தா ஒடம்பு கல்லாட்டம் ஆவும், புள்ளைக்குப் பால் பத்தாமப் போவாது. கடைக்கோழி எதுக்கு ஆவும்? ஊசி போட்ட கோழி. ஆத்தாக்காரி மனசறிஞ்சு, தவிடு பெசஞ்சு போட்டு, தன்ற கையால வளத்த கோழியில இருக்கற சத்து வேற. நான் அன்னிக்கே கணக்குப் போட்டேன். இப்ப அடை வெச்சாப் புள்ள பொறக்கறதுக்கும் குஞ்சு வெடையாவறதுக்கும் செரியா இருக்கும்னு.

என்றகிட்ட இருந்த கோழிங்க கூறுகெட்டதுங்க. ஒண்ணு தானிட்ட முட்டையத் தானே கொத்திக் குடிக்கும். இன்னொண்ணு அடையில உக்காந்தாப்ல இருக்கும், ரோட்டுல ஆராச்சும் பேசிட்டுப் போனாப் போதும், எந்திருச்சு வேடிக்கை பாக்கப் போயிரும். முட்டையெல்லாம் கூமுட்டையாப் போவும். அப்பத்தான் அந்தக் கருங்கோழி அடைக்கு வந்துச்சு.

கருங்கோழி ஆருதா? அது மருமவ கொண்டாந்தது. அம்சவேணின்னு பேரு. என்ற பையன் மில்லுல பாத்துப் புடிச்சுட்டு வந்தான். நான் தடுத்தனா? தடுக்கல. தாயில்லாப் புள்ள, திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போற சித்திக்காரி வளத்தது. கல்யாணத்துக்கு அந்தச் சித்தி என்ன சீரு கொண்டாந்தாங்கற? ஒரு கொடம், ஒரு பாயி, ஒரு கூடையில கருங்கோழி. சபையில வெச்சுக் கோழி கொக்கொக்குன்னு கத்துது, என்ற ஒறம்பரை அத்தனை பேரும் சிரிக்கறாங்க. எனக்கு மானம் போச்சு. அன்னிலிருந்து நான் அவளக் கோழிக்காரின்னுதான் கூப்புடுவேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான். கோழி மிதிச்சாக் குஞ்சு முடமாவுமா? அவளும் ஒண்ணுஞ்சொல்ல மாட்டா, "ஏனுங்கத்தை"ன்னு வந்து நிப்பா. ஒண்ணுஞ்சொல்லாதவளத்தான் நம்பக் கூடாது கண்ணு, தெரிஞ்சுக்க.

செரி, அந்தக் கோழி நல்ல அடைக்கோழி. அதைச் சொல்லோணும். ஒரு பழைய கூடையில மண்ணப் போட்டு, மேல வைக்கோலப் பரப்பி, இடி இடிச்சா முட்டை கெட்டுப்போவக் கூடாதுன்னு ஒரு இரும்புத் துண்டு, ரெண்டு கரித்துண்டு, ஒரு காஞ்ச மொளகா, எல்லாம் சொருகி, வளர்பிறையாப் பாத்து முட்டைய வெச்சேன். கோழி எறங்கவே இல்ல. தண்ணி குடிக்கக்கூடத் தூக்கித்தான் உடோணும். அத்தனையும் பொரிச்சுது. எத்தனைன்னு கேக்காத. கோழிக்குஞ்ச எண்ணக் கூடாது, எண்ணுனாக் கொறஞ்சு போவும். இன்னிக்கு வரைக்கும் நான் எண்ணல.

அப்ப இந்து போன்ல சிரிச்சுட்டே கேட்டா, "ஏம்மா, அடைக்கோழி அண்ணியோடது, பாதிக் குஞ்சு அண்ணிக்குத்தான"ன்னு. அது எங்கூரு வழக்கம் கண்ணு. அடுத்த வூட்டு அடைக்கோழிய எரவல் வாங்கி நம்ம முட்டைய வெச்சா, பொரிச்சதுல பாதி கோழிக்காரிக்குக் குடுத்தரோணும். நாங்கூட மேக்கு வூட்டுப் பாவாயிக்கு அடைக்கோழி குடுத்துப் பாதிக் குஞ்சு வாங்கியிருக்கறேன். அவ ஒரு குஞ்சு கொறச்சுக் குடுத்தான்னு அவ வாசல்ல நின்னு ஊரக் கூட்டிப்போட்டேன். ஆனா அது வூட்டுக்கு வூடு. ஒரே வூட்டுக்குள்ள மாமியாளுக்கும் மருமவளுக்கும் என்ன பாதிங்கறேன்? பொடக்காளி என்றது, கம்பு என்றது, கொடாப்பு என்றது. கோழிய மூடி வெக்கற அந்த மூங்கக் கொடாப்பக்கூட எங்கூட்டுக்காரரு இருந்தப்ப வாங்குனதுதான். அவளும் பாதி வேணும்னு கேக்கல. கேட்டிருந்தாலாவது நாலு வார்த்தை பேசி முடிச்சிருக்கலாம்.

குஞ்சு வளக்கறது லேசுப்பட்ட வேலைங்கறயா? மேல பெராந்து, கீழ கீரி, மதுலு மேல பூனை. காக்காகூடச் சும்மா இருக்காது. சின்னக் குஞ்சுக்குக் கம்பு போட்டா விக்கும், நொய்யிதான் போடோணும். சதை புடிக்கோணும்னாக் கரையான் போடோணும். ஒரு பானையில சாணியும் சோளத்தட்டும் அடைச்சு, ஈர மண்ணுல கவுத்து வெச்சா, மக்யா நாளு காத்தாலைக்குப் பானை நெறையாக் கரையான் ஏறியிருக்கும். அப்படியே கொண்டாந்து கொட்டுனாக் குஞ்சுங்க அடிச்சுப் புடிச்சுத் திங்கும். அது மருமவ வேலை. வவுத்தத் தள்ளிக்கிட்டுப் பானையத் தூக்கிட்டு வருவா.

ஆமா, அவளுந்தான் முழுகாம இருந்தா. சொல்லலியா நான்? இந்துக்கு முந்தியே. இவளுக்கு மூணாம் மாசம்னா அவளுக்கு அஞ்சாம் மாசம். குனிஞ்சு நிமுந்து வேலை செஞ்சாத்தான் சொகப் பெரசவம் ஆவும், சும்மா படுத்திருந்தா வவுத்துக்குள்ள புள்ள கொழுத்துப்போவும். அவ நல்லதுக்குத்தான் செய்யச் சொன்னேன். காத்தால கொடாப்பத் தொறந்து உடறது, சாயங்காலம் அடைக்கறது, சின்ன வெங்காயம் அரிஞ்சு போடறது, எச்சத்தக் கூட்டறது, எல்லாம் அவதான். பொழுதோட பொடக்காளியில நின்னு "பா... பா... பா"ன்னு ஒரு கொரல் குடுப்பா, முருங்கைக்குப் பொறத்தால மேயறதுகூட ஓடி வந்து கால சுத்தும். நான் வளத்தேன் கண்ணு, ஒத்தையா நின்னு வளத்தேன். ஆம்பளத் தொணை இல்லாத பொம்பள.

ஏழாம் மாசம் ஆனதும் நாஞ்சொன்னேன், "உன்ற சித்தி வூட்டுக்குப் போயிரு, மொதப் பெரசவம் பொறந்த வூட்டுல"ன்னு. நானா வெச்ச மொறை? அதுக்கு அவ என்ன சொன்னாங்கற? "சித்தி வூடு ஒரே ரூமுங்கத்தை, சித்தியும் கம்பெனிக்குப் போயிருவாங்க, நான் இங்கயே இருந்துக்கறனுங்க. இந்து வந்தா அவளையும் நானே பாத்துக்கறனுங்க"ன்னா. இவ புள்ள பெத்துப்போட்டு என்ற மவளப் பாப்பாளாமா! அதுவுமில்லாம ரெண்டு பச்ச ஒடம்புக்காரிங்க ஒரே கூரையில படுக்கக் கூடாது. ஒருத்தி பாலு ஒருத்திக்கு எறங்கிரும்னு சொல்லுவாங்க. தவங்கெடந்து வந்த புள்ள என்ற மவளூது, நான் அதுல வெளையாட முடியுமா? அவ இருந்த ரூமத்தான் இந்துக்கு ஒழிச்சு வெள்ளையடிக்கோணும். வேற ரூம் எங்க இருக்குது?

பூபதி மொவத்தத் தூக்கி வெச்சுக்கிட்டான். தூக்கி வெச்சா வெச்சுக்க. அவ ஒரு துணிப்பையில சேலைய எடுத்து வெச்சா. வெச்சுப்போட்டு, "கருங்கோழிய மட்டும் எடுத்துட்டுப் போறனுங்கத்தை"ன்னா. எப்படி இருக்குது பாரு! குஞ்சு இன்னும் தாய உட்டுப் பிரியல. தாயக் கொண்டு போயிட்டாக் குஞ்செல்லாம் செத்துப் போவுமேன்னு நாஞ்சொன்னேன். அவ கொஞ்ச நேரம் கோழியவே பாத்துக்கிட்டு நின்னா. அப்பறம் செரின்னு போயிட்டா. உனக்குக் கோழிதான் பெருசாப் போச்சா, வவுத்துல இருக்கறத நெனைன்னு கூட நான் சொன்னேன்.

அவ போனதுக்கப்பறம் பட்டேன் பாரு பாடு. நான் கூப்புட்டா ஒண்ணும் வராது. "பா பா பா"ன்னு தொண்டை கிழியக் கத்துவேன், எல்லாம் போயி அவ ரூம் சன்னல் கீழ நிக்கும். தின்னுபோட்டு நன்றி கெட்டதுங்க. பொழுதெறங்குனாக் குச்சிய எடுத்துக்கிட்டுத் தொரத்தித் தொரத்தி அடைக்கோணும். எனக்கு முட்டி வலி. ரெண்டொண்ணக் கீரி கொண்டு போயிருச்சு. அப்பறம் அம்மை வந்துச்சு, கண்ணு மேலயெல்லாம் கொப்புளம். மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவித் தடவிக் காப்பாத்துனேன். ஒண்ணுக்கு மட்டும் ஒத்தக் கண்ணு போயிருச்சு. பங்காளி வூட்டுக் கல்யாணத்துக்குக்கூட நான் போவல கண்ணு. கோழிய உட்டுப்போட்டு எங்க போறது? குஞ்சுங்க பிரிஞ்சு தனியா மேய ஆரம்பிச்சப்ப மாப்பிள்ளை ஒரு நா எதோ சோலியா வந்திருந்தாரு. வூட்டுக்கு மாப்பிள்ளை வந்தா வெறும் பருப்பா ஊத்தறது? கருங்கோழிய அடிச்சுக் கொழம்பு வெச்சேன். முட்டையும் நின்னு போன கோழி. அவரு நல்லாச் சாப்புட்டாரு.

அம்சவேணிக்கு நாளுக்கு முந்தியே ஆயிருச்சு. பொம்பளப் புள்ள. எடை கம்மின்னாங்க. நான் போவலாம்னுதான் இருந்தேன். கோழிய ஆரு பாக்கறது? இந்துக்கு ரூம் வேற வெள்ளையடிச்சுக்கிட்டு இருந்தான் ஆளு. நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னே போச்சு. பூபதிதான் போயிட்டுப் போயிட்டு வந்தான். ஒரு நா வந்து வாசப்படியிலயே நிக்கறான், உள்ள வரல.

"அம்மா, அவளுக்குப் பால் இல்ல. டப்பாப் பால்தான் குடுக்கறாங்க. ஒரு வெடக்கோழி குடு, கொண்டு போயி ஆக்கிக் குடுக்கறேன்"ங்கறான்.

நீயே சொல்லு கண்ணு. பொறந்த வூட்டுக்காரிதான செய்யோணும்? சித்திக்காரிக்கு ஒரு கோழி வாங்கிக் குடுக்க நாதியில்லயா? நான் எம்மவளுக்குன்னு மனசுல நெனச்சு வளத்தது. சாமிக்கு நேந்து உட்டத எடுத்து அடுத்தவங்களுக்குக் குடுப்பியா? அதைத்தான் அவங்கிட்டச் சொன்னேன். "கடையில வாங்கிக் குடுடா, ஊர் முச்சூடும் கோழிக்கடைதான இருக்குது"ன்னேன்.

சின்னப் பையனாட்டம் கண்ணு கலங்கிப் போச்சு அவனுக்கு. எனக்குப் பொறுக்கல. பெத்த மனசல்லோ? நான் என்ன கல்லா? உள்ள போயி ஒண்ணப் புடிச்சுட்டு வந்து குடுத்தேன். அந்த ஒத்தக் கண்ணு போனதுதான். சாறு வெச்சாக் கண்ணா தெரியப்போவுது? அவன் அதை வாங்கிப் பாத்தான். பாத்துப்போட்டுக் கீழ எறக்கி உட்டுட்டு, வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். ராங்கு! குடுத்ததக் கூட வாங்கத் தெரியாத ராங்கு. அதுக்கப்பறம் வூட்டுக்கு வாரதே கொறஞ்சு போச்சு. கேட்டா, "சித்தி வூட்டுல இருக்கறம்மா"ங்கறதோட செரி.

இந்துக்கு நாள் நெருங்குச்சு. ரூம் பளிச்சுன்னு இருக்குது. தொட்டலுக்குக் கவுறு மாட்டியாச்சு. பழைய வேட்டியெல்லாம் தொவச்சுக் காயப்போட்டு மடிச்சு வெச்சிருக்கறேன். எப்பம்மா வாரயின்னு கேக்கறேன். "அம்மா, நான் வரல, இங்கயே பாத்துக்கறேன்"ங்கறா. டாக்டர் சொன்னாங்களான்னேன். இல்லங்கறா. மாப்பிள்ளை வேண்டாங்கறாரான்னேன். இல்லங்கறா. "பின்ன என்னடி"ன்னா, "எனக்கு அங்க வரப் புடிக்கலம்மா"ன்னா. அவ்வளவுதான் கண்ணு. பெத்தவகிட்டப் பேசற பேச்சா அது? நான் அன்னிக்குச் சோறு திங்கல. ஆரோ என்ற மவ மனசக் கெடுத்துட்டாங்கன்னு மட்டும் தெரிஞ்சுது, ஆருன்னு தெரியல.

புள்ள பொறந்துச்சுன்னு மாப்பிள்ளை போன் பண்ணுனாரு. பொம்பளப் புள்ள. ஒடனே வரேன்னேன். "ஆஸ்பத்திரியில கூட்டம் வேண்டாம்னு இந்து சொல்றா, வூட்டுக்கு வந்ததும் வாங்க"ன்னாரு. செரின்னு பல்லக் கடிச்சுட்டு இருந்தேன். எப்படியும் பத்தியம் போடோணும்ல, அதுக்கு நான் வேணும்ல, என்ற கோழி வேணும்ல? இன்னிக்குக் காத்தால எந்திருச்சு, இருக்கறதுலயே நல்ல வெடையாப் பாத்துப் புடிச்சுக் காலக் கட்டி, கூடையில அடுக்கி, மொளகு, சீரகம், நாட்டுப் பூண்டு, செக்குல ஆட்டுன நல்லெண்ணெய், எல்லாம் ஒரு பையில எடுத்துக்கிட்டுக் கெளம்புனேன். பஸ்ஸு முச்சூடும் கோழிகிட்டப் பேசிக்கிட்டே போனேன் கண்ணு, நம்பு. சந்தோசம்.

கதவத் தட்டுனேன். தொறந்தது ஆருன்னு நெனைக்கற?

அம்சவேணி!

தோள்ல துண்டப் போட்டுக்கிட்டு, கையில கரண்டியோட நிக்கறா. "வாங்கத்தை"ங்கறா. அவ வூட்டுக்கு நான் வந்தாப்ல! எனக்கு வாயில ஈ போறது தெரியல. அப்பறந்தான் வெவரம் தெரிஞ்சுது. பூபதி கிட்ட ஒத்தக் கண்ணுக் கோழிய நான் குடுத்தது எப்படியோ இந்து காதுக்குப் போயி, அவ புள்ளத்தாச்சி வவுத்தோட காரு வெச்சுத் திருப்பூருக்குப் போயி, இவளையும் புள்ளையையும் கூட்டிட்டு வந்து வூட்டுல வெச்சு, பத்தியம் போட்டுப் பாத்திருக்கறா. அங்க வூட்டு வேலைக்கு வார பொம்பள சமைச்சுப் போட்டிருக்கறா. இப்ப ஒடம்பு தேறி, அம்சவேணி இந்துவப் பாத்துக்கறா. இத்தனையும் நடந்திருக்குது, பெத்தவ எனக்கு ஒரு சேதி இல்ல. பூபதி சித்தி வூடு சித்தி வூடுன்னு என்ற மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லியிருக்கறான்.

கூடையக் கீழ வெச்சேன். அவ கூடை மேல கெடந்த சேலைய வெலக்கி, "பா பா"ன்னா. அவ கொரலக் கேட்டதும் கோழியெல்லாம் தலையத் தூக்கிக் கெக்கெக்குன்னுதுங்க. ஒவ்வொண்ணா தடவிக் குடுத்தா. அப்பறம் கூடைக்குள்ள தேடுனா. தேடிப்போட்டு மொள்ளமாக் கேட்டா, "கருங்கோழி எங்கங்கத்தை?"ன்னு.

"மாப்பிள்ளை வந்தப்ப அடிச்சுக் கொழம்பு வெச்சேன்"னேன். உள்ளதச் சொல்றதுக்கு எனக்கென்ன பயம்?

அவ கூடைய மூடிப்போட்டு எந்திருச்சு அடுப்படிக்குப் போயிட்டா. ஆனா இந்து கட்டல்ல படுத்திருந்தவ எந்திருச்சு உக்காந்துட்டா. மூஞ்சி செவந்து போச்சு. "அன்னிக்கு இவரு வந்து நாட்டுக்கோழிக் கொழம்பு பிரமாதம்னாரு. அது அண்ணியோட கோழியாம்மா?"ன்னா.

"கோழிக்கு என்னடி ஆருதுன்னு பேரா எழுதியிருக்குது? உனக்காகத்தான் இத்தனை வளத்துட்டு வந்திருக்கறேன், எந்திரி, நான் சாறு வெக்கறேன்"னேன்.

அதுக்கு அவ சொன்னதக் கேளு. "அம்மா, கூடைய எடுத்துட்டுப் போயி அண்ணி கையில குடு. அம்சவேணி, இது உன்ற கோழி பொரிச்ச குஞ்சு, இதுல பாதி உனக்குத்தான் சேரும், நான் குடுக்காதது தப்புன்னு உன்ற வாயால சொல்லு. அவ ஆக்கிக் குடுத்தா நான் சாப்படறேன். இல்லீனா இந்தக் கோழியில ஒரு சொட்டுச் சாறு என்ற தொண்டையில எறங்காது."

சாமி! பெத்த மவ சொல்றா. எத்தனை கோயலு நடந்தேன் நானு இவளுக்காவ. மொழங்காலு தேஞ்சு போச்சு. மருமவ கையில கோழியக் குடுத்து மாமியா மன்னிப்புக் கேக்கோணுமாமா. உன்ற ஊர்ல எங்காச்சும் உண்டா இது? நான் கூடையப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். அப்ப அடுப்படியிலிருந்து அவ வந்தா. வந்து, "இந்து, உடு. அத்தை தூரத்துல இருந்து பஸ்ஸுல வந்திருக்கறாங்க. அத்தை, நீங்க உக்காருங்க, காப்பி வெக்கறனுங்க. மொதல்ல வந்து புள்ளயப் பாருங்க"ன்னு என்ற கையப் புடிச்சா.

அதுதான் கண்ணு எனக்குத் தாங்கல. இந்து பேசுனதக்கூடத் தாங்கிக்குவேன், என்ற ரத்தம். இவ, கோழியோட வந்தவ, எனக்குப் பரிஞ்சு பேசறா. எனக்கு எரக்கம் காட்டறா. கைய ஒதறி உட்டேன். கூடையத் தூக்குனேன். "என்ற கோழி என்றகூட வரும், நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க"ன்னு சொல்லிப்போட்டுப் படியெறங்கிட்டேன். இந்து கூப்புடல. அம்சவேணிதான் கேட்டு வரைக்கும் வந்தா, "அத்தை, அத்தை"ன்னுட்டு. மொளகுப் பையக் கூட அங்கயே உட்டுட்டு வந்துட்டேன்.

தண்ணி இருந்தா ஒரு வாயி குடு. இந்தக் கோழிக்கும் கொஞ்சம் தெளிச்சு உடறேன், ஒண்ணு கழுத்தத் தொங்கப்போட்டுடுச்சு. அட கெரகமே.

கொண்டு போயி என்ன பண்ணப் போறேன்னு கேக்கறயா? தெரியல. வூட்டுல நான் ஒருத்திதான். பூபதியும் இனி வருவானாங்கறது சந்தேகந்தான். உங்க வூட்டுல ஆராச்சும் புள்ள பெத்துக் கெடக்கறாங்களா? இருந்தா எடுத்துட்டுப் போ கண்ணு. சும்மா கொண்டு போ. நல்ல கோழிங்க. கரையான் தின்னு வளந்ததுங்க.

பேத்தி ஆரு சாடைன்னா கேக்கற?

பாக்கலியே கண்ணு. பாக்காமத்தான வந்துட்டேன். தவங்கெடந்து பொறந்த புள்ள, ஒரு தரம் மூஞ்சியப் பாக்கல பாரு நானு. அந்த வூட்டுக்குள்ள ரெண்டு தொட்டல் எதுரெதுராக் கட்டியிருந்துச்சு. ஒண்ணுல அழுவற சத்தம் கேட்டுச்சு, இன்னொண்ணு சும்மா ஆடிக்கிட்டு இருந்துச்சு. அழுதது என்ற பேத்தியா, ஆடுனது என்ற பேத்தியா, எனக்குத் தெரியாது. ரெண்டுல எது என்ற பேத்தின்னு கூடத் தெரியாம வந்திருக்கறேன், என்னாட்டம் பாவி இருப்பாளா?

என்ன?

என்ன சொன்ன நீயி? ரெண்டுமே பேத்திதானங்கறயா?

...

பல்லடம் வந்துருச்சு பாரு. எந்திரி. உன்ற பைய எடுத்துக்க. கோழி வேண்டாமா? செரி, வேண்டாம்னா உடு. ஆமா, பூபதி புள்ளைதான் அது. என்ற மவன் புள்ள. அதையும் நான் இன்னும் பாக்கல. ரெண்டையும் பாக்கல கண்ணு. ரெண்டும் அங்கதான் இருந்துச்சு, கையெட்டற தூரத்துல. நான் கூடையப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

எறங்கு கண்ணு, விசில் ஊதறான்.